தனுஷ்கோடிச் சுற்றுலாவும் மண்டபம் முகாமும்: அகதிகளுக்கு உதவ விரும்பும் மதுரைக்காரர்களுக்கு

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில், பாம்பன் பாலத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால், இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் மண்டபம் முகாம் இருக்கிறது. அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் கோடை விடுமுறைக்கும் அந்த வழியில் போகும் மதுரைக் குடும்பங்களில் பெரும்பாலானவை, பாலத்தையும் கடலையும் பார்க்கும் ஆவலில் முகாமைக் கவனிக்காமலே கடந்துவிடுகின்றன. கவனிக்கிறவர்களில் சிலர் வண்டியை நிறுத்தி, கையிலிருக்கும் பிஸ்கட் பொட்டலங்களையும் வீட்டில் மூட்டை கட்டிய பழைய துணிகளையும் கொடுக்க முயல்கிறார்கள். வாயிலில் அவர்களை உள்ளே விடுவதில்லை. நல்லது செய்ய வந்தவர்கள் வருத்தத்தோடு திரும்புகிறார்கள்.

அந்த வருத்தத்தைத் தவிர்க்கவும், உதவ வேண்டும் என்ற எண்ணத்தை உரிய இடத்தில் சேர்க்கவும் சில நடைமுறைகளை இங்கே விளக்குகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சுற்றுலா போகிறவர் கையில் ஒரு பகல் இருக்கிறது. முகாமில் வாழ்பவர் முப்பது, நாற்பது ஆண்டுகளை அங்கே கழித்திருக்கிறார். நம்முடைய அந்த ஒரு பகலுக்குத் தோதாக உதவியை அமைத்துக்கொண்டால் அது நம் மனநிறைவோடு முடிந்துவிடும். அவர்களுடைய அன்றாடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டு அமைத்தால் மட்டுமே அது அவர்களுக்குப் பயன்படும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

உதவுவதற்கு இராமேசுவரம் வரை போகத்தான் வேண்டும் என்பதில்லை. மதுரை மாவட்டத்திலேயே ஆனையூரிலும், திருமங்கலத்தை அடுத்த உச்சப்பட்டியிலும், மேலூரை அடுத்த திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாம்களுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்வதாக 2021-ஆம் ஆண்டையொட்டிய அரசுக் கணக்குகள் கூறுகின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் முதல் அலையாகவும், இந்திய அமைதிப்படை வெளியேறி 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது அடுத்த அலையாகவும், அதன்பின் 1995-96-இலும், 2006 முதல் 2009 வரையிலான இறுதிப் போர்க் காலத்திலும் மொத்தத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இக்கரைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு நாடுகளுக்குச் சென்றார்கள். எஞ்சியவர்களும் அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளும்தான் இன்று முகாம்களில் இருப்பவர்கள்.

மண்டபம் முகாமுக்கு இதைவிடப் பழைய வரலாறு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்து அனுப்பிய காலத்தில், தொற்றுநோய் பரவாமல் தடுப்பதற்காகத் தொழிலாளர்களைத் தங்கவைத்துப் பரிசோதித்த இடம் இதுவே. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிப் புறப்பட்டவர்கள் இங்கே தங்கித்தான் கப்பலேறினார்கள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய வாரிசுகளை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று பங்கு பிரித்தது. 1977-ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின், தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலிருந்து வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்த பலர், பிறகு போருக்கு அஞ்சி அதே மண்டபத்துக்குப் படகில் வந்து சேர்ந்தார்கள். ஆகவே முகாமில் நாம் பார்க்கும் ஒருவருடைய பாட்டனார் நம் பக்கத்து ஊர்க்காரராகவே இருந்திருக்கலாம். இந்தச் செய்தி வெறும் உணர்ச்சிக்காகச் சொல்லப்படவில்லை. குடியுரிமை வழக்குகளில் இது எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

சட்ட நிலையையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் வெளிநாட்டினரே. 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து, 2015 ஜனவரி 9-ஆம் நாளுக்கு முன் இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலிலும் இலங்கை இடம்பெறவில்லை.

கடற்கரையில் கரையேறியவர்களைக் கண்டால்

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு, மதுரையிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் கடலின் விளிம்புவரை போய்வர முடிகிறது. அந்தச் சாலை முடியும் இடத்துக்கு அப்பால் நீளும் மணல்திட்டுகளில்தான், 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது, பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் கிளம்பிய குடும்பங்களைப் படகோட்டிகள் இறக்கிவிட்டுப் போனார்கள். குழந்தைகளோடு திட்டில் தவித்தவர்களைக் கடலோரக் காவல்படையினர் மீட்டுக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஜூன் இறுதியில் கோதண்டராமர் கோவிலை ஒட்டிய கடற்கரையில் முதிய தம்பதி ஒருவர் மயங்கிக் கிடந்தனர். மனைவி மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சில நாட்களில் உயிரிழந்தார். நாம் சிப்பி பொறுக்கவும் படம் எடுக்கவும் போகும் கடற்கரை அது என்பதால், அங்கே போகும் ஒவ்வொருவரும் பின்வருவதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நிழல் உண்டாக்கி, 108-ஐ அழைக்க வேண்டும். நினைவோடு இருப்பவருக்குத் தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்கக் கொடுக்காமல் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு மூன்றை வண்டியில் வைத்திருப்பது மிகவும் உதவும். நனைந்த உடையோடு இருக்கும் குழந்தைகளுக்கு முதலில் உலர்ந்த துண்டோ போர்வையோ தேவைப்படும். அரிச்சல்முனையில் மரங்கள் இல்லை; வெயில் ஏறிய பிறகு மணல் கொதிக்கும். ஆகவே வண்டிக்குள் உட்காரவைப்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிடக் கூடாது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093. கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டும் கிடைக்காவிட்டால் 112. தகவல் சொன்னால் அவர்களைப் பிடித்துக் கொடுப்பது போலாகிவிடுமே என்று மனம் கூசுகிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தகவல் சொல்லுவதே அவர்களுக்கு நன்மை. விசாரணைக்குப் பின் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்படுவதும், இன்ன நாளில் இன்னார் வந்தார் என்ற பதிவும்தான் பிற்காலத்தில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் முதல் ஆதாரம். யாருக்கும் தெரியாமல் உள்ளூரில் கரைந்துபோனவர், பல ஆண்டுகள் கழித்து ஒரு சோதனையில் சிக்கும்போது, தான் போருக்கோ பசிக்கோ தப்பி வந்தவர் என்பதை நிரூபிக்க எந்தத் தாளும் இல்லாமல் நிற்பார். மேலும், சட்டவிரோதமாக நுழைந்தவரை ஏற்றிச் சென்றதாக நம்மீதும் வழக்கு வரக்கூடும்.

கிரேக்கத் தீவான லெஸ்போஸில் 2015-இல் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். அந்த ஓராண்டில் கடல்வழியாகக் கிரேக்கத்தை அடைந்த எட்டரை லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், சிரியா, ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து துருக்கி வழியாக ரப்பர் படகுகளில் அந்தத் தீவில்தான் கரையேறினார்கள். விடுமுறைக்கு வந்திருந்த ஐரோப்பியர்களும் உள்ளூர்வாசிகளும் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள். ஈர உடையோடு பல கிலோமீட்டர் நடந்த குடும்பங்களைத் தங்கள் கார்களில் ஏற்றிக்கொண்டார்கள். அப்படி ஏற்றிச் செல்வது ஆள்கடத்தலாகக் கருதப்படலாம் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. பிறகு 2018-இல் அதே தீவில் மீட்புப் பணி செய்த தன்னார்வலர்கள் கைது செய்யப்பட்டு, பல ஆண்டுகள் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. தண்ணீர் கொடுப்பதற்கும் முதலுதவி செய்வதற்கும் தயங்க வேண்டாம். இடம்மாற்றி அழைத்துச் செல்வதை மட்டும் அதிகாரிகளிடமோ ஆம்புலன்ஸிடமோ விட்டுவிட வேண்டும். அவர்கள் வந்து சேரும்வரை கூடவே இருங்கள். என்ன நடந்தது, எத்தனை பேர், யாருக்கு என்ன உடல்நிலை என்று வருகிறவரிடம் நீங்களே சொல்லுங்கள். அன்றைய மீதிப் பயணம் கெட்டுப்போனாலும் அது தகும்.

முகாமுக்குப் போக விரும்பினால்

முன்னனுமதி இல்லாமல் வெளியார் முகாமுக்குள் போக முடியாது. முகாம்கள் சென்னையில் உள்ள மறுவாழ்வு ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. மாவட்ட அளவில் ஆட்சியர் அலுவலகமும் முகாமுக்குரிய வருவாய்த் துறை அலுவலர்களும் பொறுப்பு. அனுமதிக்கு மனு கொடுக்கும்போது யார் வருகிறீர்கள், எதற்காக வருகிறீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். சுற்றுலாவின் நடுவே திடீரென்று தோன்றும் எண்ணத்துக்கு இந்த நடைமுறை இடம் தராது என்பது உண்மைதான். முகாம் என்பது பல நூறு குடும்பங்களின் வீடு. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்க்கும் இடமாக அது ஆகக் கூடாது என்பதால், அந்தக் கட்டுப்பாட்டில் நியாயமும் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

அனுமதி கேட்பதற்கு முன்பே முகாம் மக்களின் பிரதிநிதிகளிடம் பேசுவது அவசியம். ஒவ்வொரு முகாமிலும் மக்களுக்கென்று ஒரு தலைவர் இருப்பார். பெண்களின் சுய உதவிக் குழுக்கள் இருக்கும். 1984-இல் ஈழத் தமிழர்களாலேயே தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்வி, ஆரோக்கியம், ஆவணப் பதிவு ஆகிய பணிகளைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. இயேசு சபையினரின் அகதிகள் பணியகமும் முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடத்துகிறது. இவர்கள் வழியாகப் போனால், எந்தக் குடும்பத்துக்கு எது தேவை என்பதை அந்த மக்களே சொல்லும் வாய்ப்பு ஏற்படும்.

முகாமில் நாள் பார்த்துப் போக வேண்டும். பதிவில் உள்ளவர்கள் நேரில் இருக்கிறார்களா என்று அலுவலர்கள் சரிபார்க்கும் கணக்கெடுப்பு நாட்களில், வெளியூர் வேலைக்குப் போனவர்கள்கூடக் கூலியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து வரிசையில் நிற்க வேண்டும். வராவிட்டால் மாத உதவித்தொகை நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. 2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாமில் இப்படியொரு கணக்கெடுப்பின்போது எழுந்த தகராறை அடுத்து ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நாட்களின் பாரம் எப்படிப்பட்டது என்பதை வெளியிலிருக்கும் நாம் அறிந்திருக்க வேண்டும். அன்றைக்கு விருந்தாளிகளாகப் போய் நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாலை பெரும்பாலும் ஏற்றது. எந்த நாளில் எத்தனை மணிக்கு வரலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

எதைக் கொடுப்பது

பழைய துணியைக் கொண்டுபோக வேண்டாம். முகாமில் இருப்பவர்கள் உழைத்துச் சம்பாதித்துத் தங்கள் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் புதுத்துணி எடுப்பவர்கள். சாயம் போன சட்டையையும் பித்தான் அறுந்த பாவாடையையும் அவர்கள் முன் கொட்டிவிட்டு வருவது, அவர்களுடைய தன்மானத்தின் மீது நாம் வைக்கும் சுமை.

பொதுவாகப் பயன்படுபவை வேறு. ஜூன் மாதத்தில் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு ஆகியவை ஒன்றாக வந்து விழும்; அரசின் கல்வி உதவித்தொகை கைக்கு வரும்வரை சமாளிக்கத்தான் குடும்பங்கள் வட்டிக்கு வாங்குகின்றன. அந்த இடைவெளியில் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், ஆண்டு முழுவதும் கொடுக்கும் அரிசி மூட்டைகளைவிடப் பெரிய உதவி. மாதவிடாய் நாப்கின், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, நீரிழிவு மருந்து போன்றவற்றைப் பற்றி மக்கள் தாமாக வாய் திறந்து கேட்கமாட்டார்கள்; பெண்கள் குழுவிடம் பெண்களே பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய முகாம்களில் பத்துக்குப் பத்து அடி அறைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படிக்க ஓரிடமே பெரிய தேவையாக இருக்கும். 2021-இல் தமிழ்நாடு அரசு 7,469 புதிய வீடுகள் கட்டுவதாக அறிவித்து, பல முகாம்களில் கட்டி முடித்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே கொண்டுபோவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட முகாமின் இன்றைய நிலையைக் கேட்டறிய வேண்டும்.

பணம் கொடுப்பதாக இருந்தால் தனிமனிதர் கையில் கொடுப்பதைவிடக் கல்லூரிக்கோ பதிவு பெற்ற அமைப்புக்கோ நேரடியாகச் செலுத்தி, ரசீதைக் குடும்பத்திடம் சேர்ப்பது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பணம் அனுப்புகிறேன் என்று சொன்னால், பெறும் அமைப்புக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

படம் எடுப்பது

எடுக்க வேண்டாம். முகாமில் இருப்பவருடைய உறவினர்கள் இலங்கையில் இருக்கலாம். அவரைப் பற்றிய வழக்கோ மனுவோ எங்காவது நிலுவையில் இருக்கலாம். அவருடைய மகள் கல்லூரியில் தன் முகவரியைத் தோழிகளிடம் சொல்லாமல் இருக்கலாம். கரையேறியவர்களின் முகமும் படகு ஒதுங்கிய இடமும் தெரியும் காணொளியைப் பகிர்வது அதைவிடத் தீங்கானது.

வண்டியில் எழும் பேச்சு

உதவியின் பெரும்பகுதி கடற்கரையிலோ முகாமிலோ நடப்பதில்லை. திரும்பி வரும் வேனில், உறவினர்கள் பேசிக்கொள்ளும்போது நடக்கிறது. 1983-இல் தமிழ்நாடு முழுவதும் கடையடைத்து, ஊர்வலம் போய், வந்தவர்களுக்கு வீடு திறந்துவிட்டது. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, அதே தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் என்றாலே வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. முகாம்களில் மாலைக்குப் பின் வெளியே வரத் தடை வந்தது. பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை நின்றுபோனது. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஓர் இயக்கம் செய்த கொலைக்கு, அதே போருக்கு அஞ்சி ஓடிவந்த குடும்பங்கள் தண்டனை அனுபவித்தன. அந்தச் சந்தேகத்தின் எச்சம் இன்றைக்கும் பேச்சில் தலைகாட்டும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்து வைத்திருப்பதும் இந்த வழிகாட்டியின் ஒரு பகுதி.

“போர்தான் 2009-லேயே முடிந்துவிட்டதே, ஏன் திரும்பிப் போகவில்லை?” என்று யாராவது கேட்பார்கள். போனவர்கள் உண்டு, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு விமானத்தில் திரும்பியவர்கள் பலர். ஆனால் விட்டுவந்த காணி வேறொருவர் கையிலோ இராணுவத்தின் வசத்திலோ இருப்பதும், பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்து இங்கேயே திருமணம் முடித்திருப்பதும், அங்கே போய்ப் பிழைக்கத் தொழில் இல்லாததும் உண்மையான தடைகள். 2025 மே மாதத்தில் அந்த ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே திரும்பிச் சென்ற முதியவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் முறையான வழியில் நாட்டைவிட்டு வெளியேறவில்லை என்பதற்காக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு முகாமில் இருக்கும் வேறு எந்த முதியவர் துணிந்து பயணச்சீட்டு வாங்குவார்?

“அரசு எல்லாவற்றையும் கொடுக்கிறது” என்பது அடுத்தது. 2021-இல் உயர்த்தப்பட்ட பிறகும் மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், குழந்தைகளுக்கு 500 ரூபாய். மதுரையில் ஒரு குடும்பம் அதைக் கொண்டு எத்தனை நாள் வாழும் என்பதைக் கேட்டவரையே கணக்குப் போடச் சொல்லலாம்.

“நம் பிள்ளைகளுக்கே வேலையில்லை” என்று சொல்கிறவரின் கவலை பொய்யானதன்று. அதை எள்ளக் கூடாது. முகாமில் பட்டம் பெற்றவர்கள் குடியுரிமை இல்லாத காரணத்தால் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பொறியியல் படித்துவிட்டுச் சுவருக்குப் பட்டி பார்க்கும் இளைஞர்கள் முகாம்களில் இருக்கிறார்கள்; நம் வீட்டுப் பிள்ளைகளின் வேலையை அவர்கள் பறிக்கவில்லை.

2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகெங்கிலுமிருந்து வருபவர்களுக்கு இடம் கொடுக்க இந்தியா தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று கருத்துத் தெரிவித்தது. நாட்டுக்கு எல்லை வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மதுரையில் வாழும் நமக்கு அந்தக் கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. இரயில் நிலையத்தின் எதிரே இராணி மங்கம்மாள் கட்டிய சத்திரம் இன்றும் நிற்கிறது. படையெடுப்புகளுக்கு அஞ்சி மேற்கிலிருந்து இடம்பெயர்ந்ததாகத் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லும் சௌராஷ்டிர நெசவாளர்கள் இந்த ஊரின் தொழிலையே வளர்த்தார்கள். 1942-இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களும், 1962-க்குப் பின் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களும் தென்மாவட்டங்களெங்கும் கடை வைத்துக் குடியேறினார்கள். மிக அண்மையில், 2022 மார்ச்சில், உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு மாணவர்கள் பனியில் நடந்து போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகளை அடைந்தபோது, முன்பின் அறியாத மக்கள் அவர்களுக்குச் சூடான உணவும் படுக்க இடமும் கொடுத்தார்கள். நம் பெற்றோர்கள் தொலைக்காட்சி முன் அழுதுகொண்டே அந்த மக்களை வாழ்த்திய அதே மாதத்தில்தான், அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் குழந்தைகளோடு அந்தக் குடும்பங்கள் நின்றன. வேனில் இருப்பவர்களுக்கு இதை நினைவூட்டினால் போதும். வாதம் பெரும்பாலும் அங்கே தணிந்துவிடும்.

ஊர் திரும்பிய பிறகு

நீடித்துப் பயன்படுவது இனிமேல் செய்வதுதான். முகாம் ஆண்களில் மிகப் பலர் பெயிண்டிங் வேலை செய்கிறார்கள். கொத்தனார், சித்தாள் வேலைக்கும் போகிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஆனையூர், உச்சப்பட்டிக் குழுக்களை அழையுங்கள். மதுரையில் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நாள் சம்பளத்தைக் கொடுங்கள். முகாம்காரர் என்பதால் நூறு ரூபாய் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, அது கூடாது. மாலையில் அவர்கள் முகாம் திரும்ப வேண்டிய நேரம் இருந்தால் அதற்கேற்ப வேலையை அமையுங்கள். கணக்கு, ஆங்கிலம், கணினி சொல்லித் தரக்கூடியவர்கள் வாரம் ஒரு மாலையை ஓராண்டுக்கு ஒதுக்க முடிந்தால் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்; மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுபோகும் ஆசிரியரால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமே மிஞ்சும். சொந்தத் தொழில் நடத்துபவர்கள், முகாம் பட்டதாரிகளின் அடையாள அட்டையைப் பார்த்தவுடன் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடாமல், அவர்களை நேர்காணலுக்காவது அழைக்க வேண்டும்.

வழக்கறிஞர்களும், ஓய்வுபெற்ற வருவாய்த் துறையினரும், பள்ளி ஆசிரியர்களும் செய்யக்கூடிய உதவி இவை எல்லாவற்றையும்விட அரியது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்கு இந்த அடிப்படையில் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதே மதுரைக் கிளை, மலையக வழித்தோன்றல்களான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் தீர்ப்பளித்திருந்தது. இத்தகைய வழக்குகளுக்கு வேண்டியவை பழைய தாள்கள்: முகாம் பதிவேடு, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தோட்டத்தில் வேலை செய்த பாட்டனாரின் பெயரும் ஊரும், சொந்த கிராமத்தில் மிஞ்சியிருக்கும் நிலப் பதிவு. மேலூர்ப் பக்கமோ திருப்பத்தூர்ப் பக்கமோ ஒரு கிராம நிர்வாக அலுவலகத்தில் அந்தப் பெயரைத் தேடிக் கொடுக்க, அலுவலக வழக்கம் அறிந்த ஒருவருடைய சில பிற்பகல்கள் தேவை. எல்லாக் குடும்பங்களுக்கும் இது வெற்றியாகாது; 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையும் கேட்கப்படுகிறது. ஆகவே கிடைத்துவிடும் என்று உறுதி கொடுக்காமல், தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுற்றுலா போகிறவர்களும் இதில் உதவலாம். முகாமில் இருப்பவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றின் படி அவரது ஊர்ப் பிரதேச செயலகத்தில் இருக்கும். அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு, பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைச் சரியாகக் குறித்துக்கொண்டு போய், அந்தப் படியைப் பெறும் வழியை விசாரித்து வரலாம். திறந்து பார்க்காத பொட்டலம் எதையும் இரு திசையிலும் எடுத்துச் செல்லக் கூடாது. கிடைத்த தாளைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யும்போது பெற்றோரின் அந்த ஒரு தாள்தான் முதலில் கேட்கப்படும்.